சிட்ரஸ் பெக்டின் பொடி: புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு செய்முறை

தீபாவளி முடிந்த மறுவாரமே வாட்ஸ்அப் குழுக்களில் ‘டீடாக்ஸ்’ விளம்பரங்கள் வரிசை கட்டி வந்துவிடும். முறுக்கும் ஆட்டிறைச்சியும் ஒரு கை பார்த்தவர்களின் மனசாட்சியைக் குறிவைத்து நடக்கும் வியாபாரம் அது. பினாங்கில் இப்போது அதிகம் பேர் கேட்பது ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலிலிருந்து எடுக்கும் பெக்டின் பொடியைப் பற்றி. “உடம்பில் உள்ள விஷத்தை எல்லாம் இழுத்து வெளியே தள்ளிவிடுமாமே, எப்படிச் சாப்பிடுவது?” என்று கேட்கிறார்கள். எப்படிச் சாப்பிடுவது என்பதற்குப் பதில் இருக்கிறது. விஷத்தை எல்லாம் இழுக்குமா என்பதையும் போகிற போக்கில் பார்த்துவிடலாம்.

லீமாவ் பாலி என்று பசாரில் விற்கும் பம்ளிமாஸை உரிக்கும்போது, பச்சைத் தோலுக்கும் சுளைக்கும் நடுவில் விரற்கடை தடிமனுக்கு வெள்ளையாகப் பஞ்சு போல ஒன்று வருமே, அதில் பெக்டின் நிறைய உண்டு. தண்ணீரில் கரையும் நார்ச்சத்து அது. ஜாம் கெட்டியாவது இதனால்தான். சாதாரண பெக்டின் நீளமான சங்கிலி என்பதால் குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் போகாது. அந்தச் சங்கிலியைக் காரம், அமிலம், சூடு கொண்டு சின்னத் துண்டுகளாக உடைத்து விற்பதுதான் ‘மாற்றியமைத்த சிட்ரஸ் பெக்டின்’. துண்டுகள் சிறியவை என்பதால் ரத்தத்தில் சேரும், அங்கே கேலக்டின்-3 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது தயாரிப்பாளர்களின் வாதம். ஆய்வுக்கூடத்தில் அது பிடிப்பது உண்மைதான். ஆனால் அதனால் மனிதர்களுக்கு நோய் குறைகிறது என்று பெரிய ஆய்வு எதுவும் நிலைநாட்டவில்லை.

முதலில் புட்டியைத் திருப்பிப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். முன்பக்கம் ஆரஞ்சுப் படம் போட்ட புட்டியெல்லாம் பெக்டின் கிடையாது. ஒரே அலமாரியில், ஒரே மாதிரிப் படத்தோடு, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கைந்து பொருள்கள் இருக்கும்.

டயோஸ்மின், ஹெஸ்பெரிடின் என்று எழுதியிருந்தால், அது மூலத்துக்கும் காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதற்கும் மருத்துவர்கள் எழுதித் தரும் வகை. சினெஃப்ரின் அல்லது கசப்பு ஆரஞ்சுச் சாறு என்றிருந்தால், அது உடம்பு இளைக்க விற்பது. இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடியது, பிரஷர் உள்ளவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது. கிரேப்ஃப்ரூட் விதைச் சாறு என்று இன்னொன்று உண்டு. இயற்கையான கிருமிநாசினி என்று சொல்லி விற்ற சில புட்டிகளைப் பரிசோதித்தபோது, அதில் வேலை செய்தது கலந்திருந்த செயற்கைக் கிருமிநாசினிதான் என்று தெரியவந்தது. அப்புறம் வைட்டமின் சி. படத்தில் ஆரஞ்சு இருக்கும், உள்ளே இருப்பது பெரும்பாலும் குளுக்கோஸிலிருந்து தொழிற்சாலையில் செய்தது. அதில் தப்பில்லை, ஆனால் அது பெக்டின் அல்ல.

கிரேப்ஃப்ரூட் என்ற சொல்லைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் நில்லுங்கள். கிரேப்ஃப்ரூட்டிலும் நம்முடைய லீமாவ் பாலியிலும் உள்ள ஃபுரானோகூமரின் என்ற பொருள், சில மருந்துகளை உடைக்கும் நொதியைக் குடலில் முடக்கிவிடும். கொழுப்புக்குத் தரும் சிம்வாஸ்டாட்டின் அதில் முக்கியமானது. மருந்து உடையாமல் ரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறிவிடும். தசை வலி வரும், சிலருக்குத் தசையே சிதையும். சுத்திகரித்த பெக்டினில் இந்தச் சிக்கல் பெரிதாக இருக்காது. பழச்சாற்றுத் தூள் கலந்த பொடியில் இருக்கலாம்.

ஆக, நீங்கள் தேடுவது உட்பொருள் பட்டியலில் முதல் சொல்லே சிட்ரஸ் பெக்டின் என்றிருக்கும் பொடி. இனிப்பு, மணம், ‘தனியுரிமைக் கலவை’ என்று நீளும் பட்டியலைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

பொடியா, கேப்சூலா என்றால் பொடிதான். ஒரு கேப்சூலில் ஒரு கிராமுக்கும் குறைவாகத்தான் அடங்கும். 5 கிராம் வேண்டும் என்றால் ஆறேழு கேப்சூல் விழுங்க வேண்டும். அதோடு, கேப்சூலின் கூடு ஜெலட்டினாக இருந்தால் அது மாட்டிலிருந்து வந்திருக்கலாம். ஹலால் முத்திரை இருப்பதால் மட்டும் சைவம் ஆகிவிடாது. மாட்டிறைச்சி தொடாதவர்களும் விரதம் இருப்பவர்களும் தாவரக் கூடு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

பதிவு எண்ணைத் தேடுங்கள்

மலேசியாவில் மருந்துப் பொருள்களும் துணைச் சத்துப் பொருள்களும் சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனத்தில் பதிவாக வேண்டும். பதிவானால் புட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கி எட்டு இலக்கம் கொண்ட எண் இருக்கும். துணைச் சத்துப் பொருள் என்றால் கடைசி எழுத்து ‘என்’. பாரம்பரிய மருந்து என்றால் ‘டி’. எண்ணைப் பார்த்ததோடு விட்டுவிடாமல் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். வேறு ஏதோ பொருளின் எண்ணை ஒட்டிவைத்து விற்பவர்களும் உண்டு. உணவுப் பொருளாக விற்கும் பொடிகளுக்கு இந்த எண் இருக்காது. அவை 1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் கீழ் வரும். அப்படிப்பட்ட பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லிக்கொள்ளவே கூடாது.

விற்பவர் ஏஜென்ட் அக்காவாக இருந்தால், அவர் வாயிலிருந்து வரும் சொற்களையும் கவனியுங்கள். 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் 20 வகை நோய்களைப் பட்டியல் போட்டு, இவற்றைக் குணமாக்கும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. புற்றுநோய், இனிப்புநீர், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் எல்லாம் அதில் அடக்கம். “கட்டி கரைந்துபோச்சு, கிட்னி சுத்தமாயிருச்சு” என்று குரல் பதிவு அனுப்புகிறார் என்றால், நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். சொந்தக்காரராக இருந்தால் இன்னும் கஷ்டம், தெரியும்.

யார் ஆரம்பிக்கவே கூடாது

ஆரஞ்சு, எலுமிச்சை ஒவ்வாமை உள்ளவர்கள். உணவு விழுங்கச் சிரமப்படுபவர்கள். குடல் அடைப்பு முன்பு வந்தவர்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் சிகிச்சை தரும் மருத்துவரிடம் புட்டியையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பெக்டினை உடைக்கும்போது சோடியம் அல்லது பொட்டாசியம் கொண்ட காரத்தைச் சேர்ப்பதால் அந்த உப்பு பொடியிலும் தங்கும். டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பொட்டாசியம் விளையாட்டுப் பொருள் இல்லை. ‘கிட்னிக்கு டீடாக்ஸ்’ என்று சொல்லி அவர்களுக்கே இதை விற்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

கலக்கும் விதம்

உயரமான ஒரு தம்ளரில் 250 மில்லி சாதாரணத் தண்ணீரை முதலில் ஊற்றுங்கள். பொடியைப் போட்டுவிட்டு அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் வெளிப்பக்கம் நனைந்து வழவழவென்று மூடிக்கொள்ளும், உள்ளே பொடி உலர்ந்தே இருக்கும். அந்தக் கட்டியைக் கரண்டியால் நசுக்கினால் தம்ளர் சுவரில் ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதனால் தண்ணீரைக் கரண்டியால் சுழற்றிவிட்டு, சுழலின் ஓரத்தில் பொடியைக் கோலமாவு தூவுவது போல விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். சுழல் நின்றால் தூவுவதை நிறுத்தி மறுபடி சுழற்றுங்கள். இரண்டு நிமிடம் அப்படியே விட்டு இன்னொரு முறை கலக்கினால் லேசாக மங்கிய தண்ணீராக நிற்கும். மூடியுள்ள புட்டியில் போட்டுக் குலுக்குவது இன்னும் சுலபம்.

குடித்த பிறகு இன்னொரு தம்ளர் வெறும் தண்ணீர் குடியுங்கள். இதைச் சடங்காக நினைக்க வேண்டாம். பெக்டினைப் பற்றி விற்பனைக் குறிப்பு எழுதினால் ‘நிறையத் தண்ணீரோடு குடிக்கவும், தொண்டையில் அடைக்கலாம்’ என்ற எச்சரிக்கையும் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதியே வைத்திருக்கிறது.

சூடான தே தாரிக்கில் கலக்கலாமா என்றால், கலக்கலாம், ஆனால் அதில் உள்ள கட்டிப்பாலையும் சீனியையும் எந்தப் பெக்டினும் இழுத்து வெளியே தள்ளாது. சுவை பிடிக்காவிட்டால் லீமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சை ஒன்றைப் பிழிந்துகொள்ளுங்கள்.

அளவு, நேரம்

பெரும்பாலான பொடிகளில் ஒரு வேளைக்கு 5 கிராம், நாளுக்கு ஒன்று முதல் மூன்று வேளை என்று போட்டிருக்கும். முதல் நாளே 15 கிராம் என்று இறங்கினால் வயிறு பொருமி, உள்ளே மேளம் கொட்டுவது பக்கத்து மேசைக்குக் கேட்கும். பெருங்குடலில் உள்ள கிருமிகள் பெக்டினை நொதிக்கவைத்துக் காற்றாக்குவதால் வரும் தொல்லை அது. முதல் வாரம் அரைக் கரண்டி, ஒரு வேளை. வயிறு அமைதியாக இருந்தால் அடுத்த வாரம் முழுக் கரண்டி. அதற்குமேல் ஏற்றுவதாக இருந்தால் வாரத்துக்கு ஒரு படி. கரண்டி என்றால் புட்டிக்குள் வரும் கரண்டி. வீட்டுத் தேக்கரண்டி ஒவ்வொன்றும் ஒரு அளவு.

இப்போது மருந்து சாப்பிடுபவர்களுக்கு. நார்ச்சத்து நச்சை மட்டும் தேடிப் பிடிக்காது. வழியில் வரும் மருந்தையும் சேர்த்துக்கொண்டு போய்விடும். தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, டிகாக்சின் என்ற இதய மருந்து, டெட்ராசைக்ளின் வகைக் கிருமிக்கொல்லி, கொழுப்பு மாத்திரை எல்லாமே இதில் மாட்டக்கூடியவை. பொது விதி: மருந்து முதலில், பொடி குறைந்தது இரண்டு மணி நேரம் கழித்து. தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம்.

அரசின் கெசிஹாத்தான் கிளினிக்கில் பை நிறைய மருந்து வாங்கி வரும் ஒருவருக்கு இப்படிப் போடலாம்: காலை 7 மணிக்குத் தைராய்டு மாத்திரை, 8 மணிக்குப் பசியாறலோடு இனிப்புநீருக்கான மெட்ஃபார்மின், 11 மணிக்குப் பொடி, மதியம் ஒன்றரைக்குச் சாப்பாடு, கொழுப்பு மாத்திரை வழக்கம்போல இரவில். பதினொன்று மணி என்பது பலருக்கும் ஒத்துவரும் இடைவெளி. இரண்டாவது வேளை வேண்டும் என்றால் மாலை 4 மணி. மருந்து அதிகம் இருந்தால் அட்டவணையை எழுதி பார்மசியில் உள்ள மருந்தாளரிடம் காட்டுங்கள். அவர்கள் அதற்குக் காசு வாங்க மாட்டார்கள்.

முதல் சில நாள் வயிற்றுப் பொருமலும் சற்றுத் தளர்ந்த மலமும் சகஜம். அளவைக் குறைத்தால் சரியாகிவிடும். உதடு வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, மூச்சு வாங்குவது வேறு விஷயம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். “விஷம் வெளியேறும் அறிகுறி, தொடர்ந்து குடியுங்கள்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சரி, விஷம் வெளியேறுமா?

இந்தப் பேச்சுக்கு மூலமாக இருப்பவை சின்னச் சின்ன ஆய்வுகள். 2006இல் வெளியான ஒன்றில் ஆரோக்கியமான 8 பேருக்கு ஐந்து நாள் தினம் 15 கிராமும் ஆறாம் நாள் 20 கிராமும் கொடுத்தார்கள். சிறுநீரில் ஆர்செனிக், காட்மியம், ஈயம் வெளியேறுவது கூடியது. 2008இல் வந்த இன்னொன்றில் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்த 7 சீனக் குழந்தைகளுக்கு அளவு குறைந்தது. இரண்டிலும் பொடி சாப்பிடாத ஒப்பீட்டுக் குழு இல்லை. பொடியை விற்பதில் தொடர்புள்ளவரே ஆய்விலும் இருந்தார். பொய் என்று நான் சொல்லவில்லை. இதை நம்பிப் புட்டி புட்டியாக வாங்குவதற்குப் போதாது என்கிறேன்.

உடம்பில் ஈயம் சேர்ந்திருக்குமோ என்று உண்மையிலேயே பயம் இருந்தால், பழைய சுவர்ப் பெயின்ட்டைச் சுரண்டியிருந்தாலோ, பதிவில்லாத பஸ்பம் சாப்பிட்டிருந்தாலோ, ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். எங்கிருந்து வருகிறதோ அதை நிறுத்துவதுதான் முதல் வைத்தியம். அளவு அதிகமென்றால் அதற்கான மருந்து ஆஸ்பத்திரியில் உண்டு. மற்றபடி அன்றாடக் கழிவைக் கல்லீரலும் சிறுநீரகமும் ராத்திரி பகலாக வெளியேற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

கொழுப்பு விஷயத்தில் பெக்டினுக்குக் கொஞ்சம் உறுதியான பேர் உண்டு. தினம் 6 கிராம் பெக்டின் ரத்தக் கொழுப்பைச் சீரான அளவில் வைத்திருக்க உதவும் என்று எழுத ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் அனுமதித்தது. சாதாரண பெக்டினுக்குக் கிடைத்த அனுமதி அது, விலை உயர்ந்த உடைத்த வகைக்கென்று தனியாக வந்ததல்ல. கொய்யாவிலும் ஆப்பிளிலும் பெக்டின் உண்டு. நார்த்தங்காய் ஊறுகாயில் தோலோடு சாப்பிடுகிறோமே என்று கேட்பீர்கள். உண்டு, ஆனால் அதில் உள்ள உப்பைக் கணக்கில் எடுத்தால் அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

அதனால் ஆரம்பிக்கும் முன் ஒரு முறை கொழுப்புப் பரிசோதனை செய்து அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். சாப்பாடு, மாத்திரை எதையும் மாற்றாமல் மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனையைச் செய்யுங்கள். எண் அசையவில்லை என்றால் அடுத்த புட்டி வாங்காதீர்கள். இறங்கியிருந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் இரண்டு தாளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். நடுவில், புட்டியை அடுப்பங்கரையில் திறந்து வைக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் இரண்டே வாரத்தில் பொடி கல்லாகிவிடும். கரண்டி காய்ந்திருக்கட்டும், உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.