பரீட்சை நிலையத்தை முதலில் தேடுங்கள்

இங்கிலாந்துக்கு வந்த பிறகு பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் மகளை ஒன்பதாம் ஆண்டில் பள்ளியிலிருந்து எடுத்தோம். காரணம் இங்கே வேண்டாம்.

சட்டத்தில் சிக்கல் இல்லை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பள்ளிக்கு அனுப்பியோ ‘வேறு விதமாகவோ’ பிள்ளைக்குத் தகுந்த கல்வி கொடுக்கச் சொல்கிறது. சாதாரணப் பள்ளியென்றால் தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் போதும். ஸ்கொட்லாந்தில் விதி வேறு. கவுன்சிலிலிருந்து விசாரித்துக் கடிதம் வந்தால் பதில் போட்டுவிடுங்கள், பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

நான் விழுந்த குழி வேறு. இலங்கையில் தனிப்பட்ட பரீட்சார்த்தி, அதாவது பள்ளி மூலமாக இல்லாமல் தானாக எழுதுபவர் என்றால் பத்திரிகையில் அறிவித்தல் வரும், பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பிப்போம், நிலையத்தை அவர்களே ஒதுக்குவார்கள். நான் சாதாரண தரக் கணிதத்தை அப்படித்தான் இரண்டாம் முறை எழுதினேன். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்த, கேம்பிரிட்ஜ் பரீட்சைச் சபையின் பாடத்திட்டத்துக்கான உயிரியல் புத்தகத்தை வைத்து இரண்டு வருடம் படிப்பித்தேன்.

பரீட்சை வருடம் ஜனவரியில் பள்ளிகளுக்கு போன் எடுத்தேன். “எங்கள் மாணவர்களுக்கு மட்டும்” என்றார்கள், ஒன்று விடாமல். இங்கே நிலையத்தை நாமே தேட வேண்டும், முழுக் காசையும் நாமே கட்ட வேண்டும், பெப்ரவரி பிந்தினால் தாமதக் கட்டணமும் சேரும். கடைசியில் இரண்டு ரயில் மாறிப் போகும் தூரத்தில் ஒரு கல்லூரி இடம் தந்தது. பாடமொன்றுக்கு 200 பவுணுக்குக் கிட்ட. ஆனால் அங்கே உயிரியலுக்கு எடெக்செல் என்ற இன்னொரு பரீட்சைச் சபை மட்டும்தான். மூன்று மாதத்தில் பாடத்திட்டத்தையே மாற்றிப் படித்தாள் பிள்ளை. அவள் அழுதாளோ இல்லையோ, நான் குசினியில் நின்று அழுதேன்.

இதையெல்லாம் எங்கள் நூலகத்தில் புதன்கிழமை காலையில் கூடும் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் முன்பே அறிந்திருந்தன. “நிலையத்தைப் பிடித்த பிறகல்லவா புத்தகம் வாங்குவோம்?” என்று ஒரு வெள்ளைக்காரத் தாய் சாதாரணமாகக் கேட்டாள். பதினாறு வயதளவில் எழுதும் ஜிசிஎஸ்இ பரீட்சையில், பள்ளியில் வைத்தே மதிப்பிடும் பகுதி சில பாடங்களில் இருப்பதால், எழுத்துப் பரீட்சையோடு முடியும் அதன் சர்வதேச வடிவமான ஐஜிசிஎஸ்இயைப் பலர் எடுக்கிறார்கள் என்பதும் அவள் சொல்லித்தான் தெரியும். இரண்டு வருடம் அந்த நூலகத்துக்குப் புத்தகம் எடுக்கப் போய்வந்தவன் நான். வாசலில் ஒட்டியிருந்த அறிவித்தலை ஒரு நாளும் நின்று வாசிக்கவில்லை. ‘பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லையா?’ என்று கேட்பார்களோ என்ற வெட்கம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அந்தக் கேள்விக்குப் பயந்து காருக்குள்ளேயே இருந்த ஆள்தானே.

ஆகவே உங்கள் கவுன்சிலின் பெயரோடு வீட்டுக்கல்வி என்று ஆங்கிலத்தில் போட்டு முகநூலில் குழுவைத் தேடுங்கள். 1977இல் தொடங்கிய எஜுகேஷன் அதர்வைஸ் என்ற தொண்டு அமைப்பும் உண்டு. சட்டத்திலுள்ள அந்த ‘வேறு விதமாக’ என்ற சொல்தான் அதன் பெயர். வெளியார் எழுதக்கூடிய நிலையங்களின் பட்டியல் பரீட்சைச் சபைகளின் கூட்டமைப்பான ஜேசிகியூவின் இணையத்தளத்தில் இருக்கிறது. ஆனால் எந்த நிலையம் போனை எடுக்கும், எது அலைக்கழிக்கும் என்பதைக் குழுவில்தான் கேட்க வேண்டும்.

போகும்போது உளுந்து வடை கொண்டுபோங்கள். பச்சை மிளகாயைக் குறைத்துப் போடுங்கள். முதல் நாள் நான் குறைக்கவில்லை.