சைலன்சர் குழாயை மாற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

"இன்ஜினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும், இல்லாட்டி பிக்கப் போயிடும்." எந்த மெக்கானிக் ஷெட்டிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. பிக்கப் போவது உண்மை, ஆனால் சொல்லும் காரணம் தவறு. குழாய் விஷயத்தில் நடக்கும் பாதித் தவறுகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

பேக் பிரஷர் என்பது வெளியேறும் புகைக்கு எதிரே நிற்கும் தடை. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் அந்தத் தடையை மீறிப் புகையைத் தள்ளுவது பிஸ்டன், அதற்குச் செலவாகும் சக்தி சக்கரத்துக்குப் போயிருக்க வேண்டியது. எனவே தடை குறையக் குறைய நல்லதுதான். இன்ஜினுக்கு உண்மையில் வேண்டியது புகையின் வேகம். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் சூடான புகை ஒரே வீச்சாகப் பாய்கிறது. அது வேகமாக ஓடினால் அதன் பின்னால் அழுத்தம் இறங்கி, சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை இழுத்துக்கொண்டு போகும், இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் புதுக் காற்றையும் உள்ளே இழுக்கும். குழாயைத் தேவைக்கு மேல் அகலமாக்கினால் இந்த இழுவை செத்துவிடும்.

நண்பர் ஒருவர் தன் 1.2 லிட்டர் பெட்ரோல் காருக்கு ஹெட்டரிலிருந்து (இன்ஜினை ஒட்டிய முதல் புகைக் குழாய்கள்) கடைசி வரை பெரிய குழாயாகப் போட்டார், பின்பகுதி 2.5 இஞ்ச். சத்தம் பிரமாதமாக வந்தது. ஆனால் ஸ்பீட் பிரேக்கர் தாண்டி இரண்டாவது கியரில் எடுத்தால் வண்டி இழுக்கவே இல்லை. பேக் பிரஷர் போய்விட்டது என்று சொல்லி, பணம் வாங்கிக்கொண்டு, சைலன்சருக்குள் தகடு வைத்து அடைத்துக் கொடுத்தார்கள். புகையின் வேகமும் இல்லாமல் தடையும் சேர்ந்து நிலைமை இன்னும் மோசமானது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 2.2 கன அடி ஓட்டம், குழாயின் ஒரு சதுர இஞ்ச் பரப்புக்கு ஏறக்குறைய 115 கன அடி என்பது பரவலாகப் பயன்படும் தோராயம். அதன்படி 85 குதிரைத்திறன் இன்ஜினுக்கு ஒன்றரை இஞ்ச் உள்விட்டமே போதும். 2.5 இஞ்ச் என்பது 250 குதிரைத்திறனுக்கு மேல் தரும் இன்ஜினுக்கானது. பரப்பு விட்டத்தின் வர்க்கமாக ஏறுவதால், ஒன்றரையிலிருந்து இரண்டரைக்குப் போனால் புகையின் வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிடும். இழுவையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஹெட்டர் குழாய்கள்தான். அவற்றை அகலமாக்கினால் அடி டார்க், அதாவது குறைந்த ஆர்பிஎம்மில் கிடைக்கும் இழுவிசை, போகும். புகையிலுள்ள விஷ வாயுக்களைக் குறைக்கும் கேடலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் அகலமாக்கினால் நஷ்டம் குறைவு, ஆனால் லாபமும் பெரிதாக வராது. வாங்கும்போது வெளிவிட்டத்தை உள்விட்டம் என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

டர்போ (புகையால் சுற்றி இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் கருவி) உள்ள வண்டிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதன் டர்பைன் சக்கரம் தனக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தில் சுற்றுவதால், டர்போவுக்குப் பின்னால் குழாய் தாராளமாக இருப்பதே நல்லது.

பழைய கார்புரேட்டர் வண்டியில் சைலன்சரை மட்டும் மாற்றிவிட்டு ஜெட்டை (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளை) தொடாமல் விட்டால் எரிபொருள் கலவை மெலிந்து பிக்கப் குறையும். அதற்கும் பேக் பிரஷர்மேல்தான் பழி விழுந்தது. ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் பைக்கில் சைலன்சரிலிருந்து திரும்பி வரும் அழுத்த அலை, வெளியே நழுவும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் மறுபடி தள்ளுகிறது. அந்த அனுபவத்தைக் காருக்குக் கொண்டுவருவது சரியில்லை.

வளைவுகளையும் பாருங்கள். சாதாரண மெஷினில் மடக்கினால் குழாய் அந்த இடத்தில் நசுங்கும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய 2 இஞ்ச் அங்கே 2 இஞ்ச் இல்லை. மாண்ட்ரல் (நசுங்காமல் குழாய்க்குள் நுழைக்கும் தாங்கு கம்பி) வைத்து வளைத்ததா என்று கேளுங்கள். வெல்டிங்கும் முக்கியம்: புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சின்னக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய், கலவை மெலிந்துவிட்டதாக நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், மைலேஜ் இறங்கும். கேடலிட்டிக் கன்வெர்ட்டரை வெட்டி எறியவே எறியாதீர்கள். கிடைக்கும் சக்தி சொற்பம், தெருவில் எல்லோரும் சுவாசிக்கும் விஷம் அதிகம்.

எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜை மாட்டினால் போதும். ஐடிலில் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு), 2,500 ஆர்பிஎம்மில் மூன்று பிஎஸ்ஐ தாண்டினால் எங்கோ அடைப்பு இருக்கிறது, பெரும்பாலும் கன்வெர்ட்டரில். அதைச் சரிசெய்தாலே போன பிக்கப் திரும்பி வரும், புதுக் குழாய்க்குச் செலவே வேண்டாம்.