வைஃபையில் 'வீக் செக்யூரிட்டி' எச்சரிக்கை: எங்கே கை வைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது

ஐபோனில் வைஃபை பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் 'வீக் செக்யூரிட்டி' என்று வந்ததும் பெரும்பாலோர் பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள். எட்டு எழுத்து இருந்த இடத்தில் இருபது எழுத்து போட்டாலும் அந்த வரி அப்படியே நிற்கும். பாஸ்வேர்டு பலமானதா இல்லையா என்பதை அந்த எச்சரிக்கை பார்ப்பதே இல்லை. எந்த வகைக் குறியாக்கத்தில் (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் முறை) இயங்குகிறோம் என்பதை ஒவ்வொரு ரவுட்டரும் விநாடிக்குச் சுமார் பத்து முறை காற்றில் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அந்த அறிவிப்பில் பழைய முறை ஒன்று இருப்பதைப் போன் படித்துச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆண்ட்ராய்டில் வாசகம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், காரணம் ஒன்றே.

ஆகவே போனின் நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் செய்வது வீண் வேலை. சேமித்து வைத்திருந்த வைஃபை பாஸ்வேர்டுகள் எல்லாம் அழிந்துபோகும், எச்சரிக்கை மட்டும் திரும்ப வரும். விபிஎன், ஆன்டிவைரஸ் செயலிகளாலும் இந்த வரி போகாது. அவை போனுக்குள் ஓடுபவை, குறை இருப்பது ரவுட்டரில்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 'அன்செக்யூர்டு நெட்வொர்க்' என்று வந்தால் அந்த வைஃபைக்குப் பாஸ்வேர்டே இல்லை என்று பொருள். 'பிரைவசி வார்னிங்' என்பது வேறு சங்கதி: பிரைவேட் வைஃபை அட்ரஸ் (போனின் உண்மையான முகவரியை நெட்வொர்க்குக்குக் காட்டாமல் மறைக்கும் வசதி) அணைந்திருப்பது, நெட்வொர்க்கின் பெயரை மறைத்து வைத்திருப்பது போன்றவற்றுக்காக வருவது. 'வீக் செக்யூரிட்டி' வந்திருக்கும்போது பிரைவேட் அட்ரஸை அணைத்து அணைத்துப் போடுவதால் ஒன்றும் நடக்காது.

எல்லாவற்றுக்கும் மூலம்: 'மிக்ஸ்டு' என்ற தேர்வு

இன்றைக்கு வெப் (WEP) என்ற, வைஃபையின் முதல் குறியாக்க முறையில் ஓடும் ரவுட்டர் அரிது. 1997-இல் வந்த அந்த முறை 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. வீடுகளில் எச்சரிக்கைக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது, வெப்புக்குப் பின் வந்த டபிள்யூபிஏ (WPA), டபிள்யூபிஏ2 என்ற இரண்டு பாதுகாப்பு முறைகளையும் ஒன்றாக அனுமதிக்கும் 'டபிள்யூபிஏ/டபிள்யூபிஏ2 மிக்ஸ்டு' என்ற தேர்வும், அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் டிகேஐபி (TKIP) என்ற பழைய குறியாக்கமும்தான். வெப் உடைந்தபின், அப்போது புழக்கத்தில் இருந்த பழைய சாதனங்களைத் தூக்கி எறியாமல் ஒப்பேற்ற 2003-இல் கொண்டுவந்த தற்காலிக ஏற்பாடு டிகேஐபி. 2008-இல் அதன் மீதும் தாக்குதல் நிரூபிக்கப்பட்டது. 2012-இல் வைஃபை தரநிலையே அதைக் கைவிட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது.

"பழையது, புதியது இரண்டும் இருந்தால் எல்லாச் சாதனமும் இணையுமே, நல்லதுதானே" என்று நினைத்து மிக்ஸ்டை அப்படியே விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. உங்கள் போன் ஏஇஎஸ் (AES) என்ற பலமான புதிய குறியாக்க முறையில் இணைந்திருந்தாலும், எல்லாச் சாதனங்களுக்கும் ரவுட்டர் பொதுவாக அனுப்பும் தகவல்களுக்கு ஒரே ஒரு கூட்டுச் சாவிதான் உண்டு. டிகேஐபி மட்டுமே தெரிந்த சாதனமும் அதைப் படிக்க வேண்டும் என்பதால், மிக்ஸ்டில் அந்தச் சாவி டிகேஐபியாக இறங்கிவிடும். அப்படி ஒரு சாதனம் வீட்டில் இல்லாவிட்டாலும் இதே கதைதான். வேகத்துக்கும் இதில் நஷ்டம் உண்டு: டிகேஐபியில் இணையும் சாதனம் 54 எம்பிபிஎஸ் என்ற பழைய உச்சவரம்பைத் தாண்டாது. 2006 மார்ச்சிலிருந்து வைஃபை சான்று பெறும் புதிய சாதனங்களுக்கு டபிள்யூபிஏ2 கட்டாயம். ஆகவே யாருக்காக அந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம் என்று கேட்டால், அநேகமாக யாருக்காகவும் இல்லை.

மாற்றும் விதம்

ரவுட்டரின் முகவரி தெரியவில்லை என்றால் ஐபோனில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள வட்டக் குறியைத் தொட்டுக் கீழே போங்கள். 'ரவுட்டர்' என்ற வரியில் எண் இருக்கும். பொதுவாக 192.168.1.1 அல்லது 192.168.0.1, ஜியோ ஃபைபரில் 192.168.29.1. அதை பிரவுசரில் அடித்து, சாதனத்தின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அட்மின் பெயர், பாஸ்வேர்டோடு உள்ளே போகலாம். ஸ்டிக்கரில் உள்ளது வேலை செய்யாவிட்டால், இணைப்பு கொடுத்தவர் மாற்றி வைத்திருப்பார், அவரிடமே கேளுங்கள்.

உள்ளே 'வயர்லெஸ்' அல்லது 'டபிள்யூலேன்' என்ற பகுதியில் 'செக்யூரிட்டி' இருக்கும். அங்கே இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது முறை: 'டபிள்யூபிஏ2-பிஎஸ்கே' அல்லது 'டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது குறியாக்கம்: ஏஇஎஸ் மட்டும். இந்த இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முறையை டபிள்யூபிஏ2 என்று மாற்றிவிட்டு, கீழே 'டிகேஐபி+ஏஇஎஸ்' அல்லது 'ஆட்டோ' என்று இருப்பதைக் கவனிக்காமல் சேமித்தால் எச்சரிக்கை தொடரும். சில ஃபைபர் மோடங்களில் இரண்டும் டிக் பெட்டிகளாக இருக்கும். டிகேஐபி பெட்டியின் டிக்கை எடுத்துவிடுங்கள். சிசிஎம்பி என்று எழுதியிருந்தால் அது ஏஇஎஸ்தான், பயப்பட வேண்டாம்.

சேமித்ததும் வைஃபை அறுந்துபோகும். கோளாறு என்று நினைத்து அவசரத்தில் மோடத்தை அணைத்துவிடாதீர்கள். ஓரிரு நிமிடத்தில் திரும்பி வரும். பிறகு போனில் அந்த நெட்வொர்க்கை 'ஃபர்கெட்' கொடுத்து மறுபடி இணையுங்கள். பழைய விவரத்தைப் பிடித்துக்கொண்டு சில போன்கள் "இணைக்க முடியவில்லை" என்று முரண்டு பிடிக்கும். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் இணையாததற்கு இதுவே அடிக்கடி காரணம்.

பாதியில் நிற்கும் வேலை

இரட்டை அலைவரிசை ரவுட்டரில் 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கும் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கும் செக்யூரிட்டி பக்கம் தனித்தனி. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், ஹாலில் எச்சரிக்கை இருக்காது; படுக்கையறைக்குப் போனதும் வரும். 'சில நேரம் வருகிறது, சில நேரம் இல்லை' என்ற புகாருக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். அடுத்த சந்தேகம் ரிப்பீட்டர் மேல். மாடிக்கு சிக்னல் போக வைத்த பழைய எக்ஸ்டெண்டருக்குத் தனி செட்டிங்ஸ் பக்கம் உண்டு. ரவுட்டரைச் சரிசெய்தாலும் அது தன்பாட்டுக்கு மிக்ஸ்டில் ஓடிக்கொண்டிருக்கும். விருந்தினருக்கான கெஸ்ட் நெட்வொர்க்கும் அப்படியே.

எதிர்த் திசையில் அளவு மீறுவதும் உண்டு. டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய பிரிண்டர், வைஃபை கேமரா, ஸ்மார்ட் பல்பு எல்லாம் ஒரேயடியாகக் கழன்றுவிடும். 2018-இல் அறிமுகமான முறை அது. ஐபோன் 7-க்கு முந்தைய மாடல்களும் ஆண்ட்ராய்டு 10-க்கு முந்தைய போன்களும் அதில் சேராது. எச்சரிக்கை போக டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் போதும். சாதனங்கள் கலந்திருக்கும் வீட்டுக்கு டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 தேர்வு பொருத்தம். 'பிஎம்எஃப்' (இணைப்பைக் கட்டுப்படுத்தும் செய்திகளைப் பிறர் போலியாக அனுப்பாமல் காக்கும் வசதி) என்று ஒரு வரி தென்பட்டால் அதை 'கேப்பபிள்' அல்லது 'ஆப்ஷனல்' என்று விடுங்கள். 'ரெக்வயர்டு' வைத்தால் பழைய சாதனங்கள் இணையாது.

ரீசெட் பொத்தான்

இதை ஒரு பெரிய எச்சரிக்கையாகவே சொல்ல வேண்டும். மோடத்தின் பின்னால் உள்ள துளையில் ஊசியை விட்டுப் பத்து விநாடி அழுத்தினால் எல்லாம் புதிதாகிவிடும் என்று பல வீடியோக்கள் சொல்கின்றன. ஃபைபர் இணைப்பில், இணைப்பு கொடுத்தவரின் நெட்வொர்க்குக்குள் நுழையத் தேவையான பிபிபிஓஇ (PPPoE) பெயர், பாஸ்வேர்டு, விலான் (VLAN) எண் ஆகியவை அந்தப் பெட்டிக்குள்தான் பதிந்திருக்கும். பிஎஸ்என்எல் ஃபைபரிலும் உள்ளூர் கேபிள்காரர்கள் கொடுக்கும் இணைப்புகளிலும் இது வழக்கம். ரீசெட் செய்தால் அவையும் அழியலாம். வைஃபை பெயர் தெரியும், இன்டர்நெட் இருக்காது, ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான். கை வைப்பதற்கு முன் 'பேக்கப்' வசதி இருந்தால் கோப்பாகச் சேமியுங்கள். இல்லாவிட்டால் இன்டர்நெட் இணைப்பின் விவரங்கள் உள்ள டபிள்யூஏஎன் (WAN) பக்கத்தையாவது படம் எடுத்து வையுங்கள்.

பாதுகாப்பு என்று நினைத்துச் செய்பவை

வைஃபை பெயரை மறைப்பது பலருக்குப் பிடித்த வைத்தியம். மறைத்தால், "அந்தப் பெயர் இங்கே இருக்கிறதா" என்று உங்கள் போனே போகும் இடமெல்லாம் கேட்கத் தொடங்கும். ஐபோன் இதற்கென்றே ஒரு தனி எச்சரிக்கை காட்டுவது அதனால்தான். குறிப்பிட்ட சாதனங்களின் முகவரியை மட்டும் அனுமதிக்கும் மேக் (MAC) ஃபில்டரும் அதே ரகம்: மேக் முகவரி காற்றில் வெளிப்படையாகவே போகிறது, பார்த்து நகலெடுப்பது எளிது. அதோடு இன்றைய போன்கள் முகவரியை மாற்றிக்கொள்வதால் வீட்டு ஆட்களே வெளியே நிற்க நேரிடும்.

அணைக்க வேண்டியது டபிள்யூபிஎஸ் பின் (WPS PIN): பாஸ்வேர்டுக்குப் பதில் ஓர் எண்ணைக் கொடுத்து வைஃபையில் இணைய விடும் வசதி. எட்டு இலக்கம் என்றாலும் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். ரவுட்டர் முதல் நான்கையும் மீதியையும் தனித்தனியே சோதிப்பதால் 11,000 முயற்சிகளில் மொத்தமும் முடிந்துவிடும். 2011-லேயே வெளிப்பட்ட குறை இது. இது திறந்திருந்தால் எவ்வளவு நல்ல பாஸ்வேர்டும் வீண்.

உள்ளே போனதுதான் போனோம் என்று பாஸ்வேர்டையும் பார்த்துவிடலாம். நம் ஊரில் பாதி வைஃபைக்குப் பாஸ்வேர்டு வீட்டுக்காரரின் மொபைல் எண்தான். 6 முதல் 9 வரை ஏதோ ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கம் என்றால் மொத்தம் 400 கோடி சாத்தியங்கள். போன் வைஃபையில் இணையும் தருணத்தில் காற்றில் போகும் தகவலைப் பதிவு செய்துகொண்டு போனவர், நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் சில மணி நேரத்தில் அத்தனையையும் சோதித்துவிடலாம். தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து எழுதுங்கள். 63 எழுத்து வரை இடம் உண்டு. அட்மின் பாஸ்வேர்டும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டாம்.

கடை, லாட்ஜ், ரயில் நிலையம் ஆகியவற்றின் வைஃபையில் எச்சரிக்கை வந்தால் சரிசெய்ய உங்கள் கையில் ஒன்றும் இல்லை. பணப் பரிமாற்றத்துக்கு மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள், ஆட்டோ-ஜாயினை அணைத்துவிடுங்கள். நண்பரின் ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட்டில் 'அன்செக்யூர்டு நெட்வொர்க்' என்று வந்தால், அவர் போனில் ஹாட்ஸ்பாட் செக்யூரிட்டி 'நன்' என்று இருக்கிறதா எனப் பார்த்து மாற்றச் சொல்லுங்கள்.

ரவுட்டரில் ஏஇஎஸ் தேர்வே இல்லை என்றால் முதலில் அதன் ஃபர்ம்வேர் புதுப்பிப்பைத் தேடுங்கள். அதுவும் இல்லை என்றால் அந்தப் பெட்டியை மாற்றுவதுதான் வழி. வாங்கும்போது அட்டையில் டபிள்யூபிஏ3 என்று இருக்கிறதா பாருங்கள். புதிய ரவுட்டரைப் பழைய ஃபைபர் மோடத்தோடு கேபிளில் இணைத்த பிறகு, மோடத்தின் சொந்த வைஃபையை அணைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பழைய பெயரும் பழைய டிகேஐபியும் காற்றில் ஓடிக்கொண்டேயிருக்கும், போனும் பழக்கதோஷத்தில் அதிலேயே போய் ஒட்டிக்கொள்ளும்.