நீரை ஒதுக்கும் நானோத்துகள் திரள்களைத் தண்ணீருக்குக் கொண்டுவரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காட்டின் கிழக்கே, சித்தூர் வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரின் ஃபுளோரைடு நெடுங்காலக் கவலை என்பதால், காந்த இரும்பு ஆக்சைடு நானோத்துகள்களால் நீரைச் சுத்திகரிக்கும் ஆய்வில் இறங்க நம் எல்லையோரத் தமிழ் மாணவர்களுக்கு நல்ல காரணம் இருக்கிறது. ஃபுளோரைடு ஒட்டிய துகள்களைக் காந்தத்தால் இழுத்து நீரிலிருந்து நீக்குவதே நோக்கம். ஆனால் 10 நானோமீட்டர் தனித்துகளைக் காந்தம் எளிதில் இழுக்காது. அவற்றைத் திரளாக்கினால் விரைவாக இழுக்கும். ஆனால் ஒலியிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம் போர்த்திய துகள்கள் குளோரோஃபார்மில்தான் கரைந்தாற்போல் பரவி நிற்கும், தண்ணீரில் நிற்கா. ஆகவே அந்தக் குளோரோஃபார்மை, சர்ஃபாக்டன்ட் (சோப்பு போல எண்ணெய்த் துளிகளை நீரில் தாங்கும் பொருள்) கலந்த நீரில் நுண்துளிகளாகக் குழம்பாக்கி, பிறகு குளோரோஃபார்மை ஆவியாக்குவார்கள்; துளிக்குள் இருந்த துகள்கள் ஒன்றுசேர்ந்து திரளாகும்.

முதல் தவறு கழுவுவதில் நேர்கிறது. எத்தனாலில் போதிய அளவு கழுவாவிட்டால் எஞ்சிய ஒலியிக் அமிலம் குழம்பாக்கத்தைக் குலைக்கும். அளவுமீறிக் கழுவினாலோ போர்வையே உரிந்து துகள்கள் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். அடுத்து, 61 டிகிரியில் கொதிக்கும் குளோரோஃபார்மை விரைவில் வெளியேற்ற எண்ணிச் சூட்டைக் கூட்டுபவர்களுக்குச் சீரற்ற திரள்களே கிடைக்கும். காற்றுப்போக்கி அறையில் கலக்கிக்கொண்டே மெல்லச் சூடேற்றுவதே சரி.

சி.டி.ஏ.பி. என்னும் சர்ஃபாக்டன்டைப் பயன்படுத்துவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். ஏறத்தாழ 25 டிகிரிக்குக் கீழே, குளிரூட்டிய அறையில், அது வெண்படிகமாகப் பிரியும். அதைத் துகள் படிந்துவிட்டது என்று கருதி மாதிரியைக் கொட்டிவிடக் கூடாது, இளஞ்சூட்டில் தெளிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சி.டி.ஏ.பி. உயிரணுக்களுக்கு நச்சு என்பதால் நீக்கியே ஆக வேண்டும் என்பது உண்மைதான். எனினும் திரளின் மேலுள்ள படலம் சுற்றியுள்ள கரைசலில் இருக்கும் சி.டி.ஏ.பி.யுடன் சமநிலையில்தான் நிற்கிறது. ஆகவே டயாலிசிஸ் (நுண்துளைச் சவ்வு வழியே கரைந்த பொருள்களை வெளியேற்றுதல்) செய்து கரைசலை முற்றிலும் வெறுமையாக்கினால் படலமும் கழன்று திரள்கள் கட்டிபடும். சிலிக்காவோ பாலிமரோ பூசிய பிறகே சி.டி.ஏ.பி.யை நீக்க வேண்டும். அந்தப் பூச்சும் தடித்துவிட்டால், ஃபுளோரைடு தொட வேண்டிய இரும்பு ஆக்சைடுப் பரப்பே மூடிப்போகும். இதை மறப்பவர்கள் அதிகம்.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு, அயனி நீக்கிய நீரில் மட்டும் சோதித்து நிறைவடைவது. மின்னூட்ட விலக்கலால் நிற்கும் துகள்களுக்கு உப்பு எமன்: 150 மில்லிமோலார் உப்பு நீரில் அந்த விலக்கம் எட்டும் தொலைவு 1 நானோமீட்டருக்கும் குறைந்துவிடுகிறது. கிணற்று நீரில் உப்பு அவ்வளவு இராது; ஆனாலும் அதிலுள்ள கால்சியம், கார்பாக்சில் என்னும் அமிலத் தொகுதி கொண்ட பூச்சுகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடக் கூடும். எனவே சித்தூர்க் கிணற்று நீரையே கொண்டுவந்து, துகளளவை முதல் மணி நேரத்திலும் மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் அளந்து பார்க்க வேண்டும்.