சாயத்தொட்டிக்குச் சோடியம் சல்பேட் கரைக்கும் முறை

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதிப்பிணைப்பால் ஒட்டும் சாயம்) ஏற்றுபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, சாயம் இழையில் ஏற உதவும் உப்பான சோடியம் சல்பேட் கையில் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதையே. நீரற்ற வெள்ளைத் தூளாகவும் கிடைக்கும். நீர் சேர்ந்த பளிங்குச் சில்லுகளாகவும், அதாவது கிளாபர் உப்பாகவும் கிடைக்கும். கிளாபர் உப்பின் எடையில் 56 விழுக்காடு நீரே என்பதால், குறிப்பில் 100 கிராம் தூள் என்றிருந்தால் அந்த உப்பில் 227 கிராம் எடுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் நிறம் வெளிறிப்போகும்.

சிங்கப்பூரில் நான் தூளையே வாங்கச் சொல்வேன். 32.4 டிகிரி செல்சியஸில் கிளாபர் உப்பு தன்னிலுள்ள நீரிலேயே உருகத் தொடங்குகிறது; காற்றோட்டமில்லாத சேமிப்பறை பகலில் அந்த வெப்பத்தை எளிதில் எட்டிவிடுவதால், பிற்பகலில் கசிந்த மூட்டை இரவில் கல்லாக இறுகிவிடுகிறது. தூளையும் இறுக மூடிய வாளியில்தான் வைக்க வேண்டும்.

கரைக்கும்போது தூளின்மேல் நீரை ஊற்றக் கூடாது. நம் குழாய்நீர் பெரும்பாலும் 32 டிகிரிக்குக் கீழே இருப்பதால், தூள் அந்நீரை உறிஞ்சிப் படிகமாகி வாளியின் அடியில் சிமெண்டுபோல் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை அப்படிப் பிடித்த கட்டியைக் கரைக்க எனக்கு ஒரு பிற்பகல் முழுவதும் ஆனது. 40 டிகிரி வெந்நீரைக் கிளறிக்கொண்டே தூளைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். கொதிநீரால் கூடுதல் பயனில்லை, ஏனெனில் 32.4 டிகிரிக்கு மேல் இதன் கரைதிறன் சற்றே குறைகிறது.

நீரில் பருத்தி இழையும் சாயமும் எதிர்மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்குகின்றன. சோடியம் அயனிகள் அந்த விலக்கத்தைத் தணிப்பதால்தான் சாயம் இழையை நாடிச் செல்கிறது. வெளிர் நிறத்துக்கு லிட்டருக்குச் சுமார் 30 கிராமும் அடர்நிறத்துக்கு 60 முதல் 80 கிராம் வரையும் போதும். முழு அளவையும் ஒரே தடவையில் ஊற்றினால் திட்டுத்திட்டாக நிறம் பிடிக்கும் என்பதால், மூன்று பங்காக்கிப் பத்து நிமிட இடைவெளியில் சேர்த்து, சாயம் நன்கு ஏறிய பிறகே, அதை இழையில் நிலைக்கச் செய்யும் சோடா சாம்பலை (சோடியம் கார்பனேட்) இடுங்கள். சாப்பாட்டு உப்பும் இவ்வேலையைச் செய்யும். ஆனால் அதன் குளோரைடு எவர்சில்வர் தொட்டியைப் பொத்தலாக்கும்.

சாயம் முடிந்த நீரை அப்படியே வடிகாலில் விடாதீர்கள். லிட்டருக்கு 50 கிராம் தூள் இட்ட தொட்டிநீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 34,000 மில்லிகிராம் சல்பேட் இருக்கும். தொழிற்கூடங்கள் பொதுக் கழிவுநீர்க் குழாயில் விடக்கூடிய வரம்போ லிட்டருக்கு 1,000 மில்லிகிராம்தான். குழாய்க்குள் நுண்ணுயிரிகள் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்ற, அது அமிலமாகிக் கான்கிரீட்டை அரிக்கிறது. எனவே பட்டறை தொடங்கும் முன்பே பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் விதிகளைக் கேட்டறிந்து, மிஞ்சும் நீரை உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பாளரிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள்.