ஐப்பசி ஈரம் போய் மார்கழிக் கோலம் வரும்வரை

கார்த்திகை பிறந்து நாலு நாள் வெயில் காய்ந்ததும், பள்ளத்தூரில் எங்கள் வீட்டின் கதவுகளை முகப்பிலிருந்து பின்கட்டு வரை திறந்து போட்டுவிடுவேன். செட்டிநாட்டு வீடுகளில் வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், தெருவில் நுழைகிற காற்று வளவை, அதாவது நடுமுற்றக் கட்டைக் கடந்து கொல்லை வரை ஓடும். இந்த வீடுகளுக்கு ஈரம் போவதுதான் முதல் அலங்காரம். அதற்கு முன் விரிப்பு வாங்கிப் போட்டால் பூசணம்தான் மிஞ்சும்.

தரை காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முற்றத்தை ஒட்டிய கற்களின் மேல் இரவில் ஒரு செய்தித்தாளை விரித்து, நான்கு மூலையிலும் கனம் வையுங்கள். காலையில் தாள் துவண்டிருந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள்.

ஆத்தங்குடிக் கல், அதாவது ஆத்தங்குடியில் செய்கிற பூவேலைத் தரைக்கல், பதித்த வீடென்றால் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: ஆசிட் வேண்டாம். ஒரு வருடம், மழைக்கறை சீக்கிரம் போகட்டும் என்று வேலைக்கு வந்தவர் சொன்னதைக் கேட்டு ஊற்ற விட்டேன். இரண்டாம் தூணுக்கு அருகே நான்கு கற்களில் பச்சைக்கொடி வெளுத்து, சிவப்புப் பூ சுண்ணாம்பு பூசியதுபோல ஆகிவிட்டது. இன்றும் அந்த இடத்தைத் தாண்டும்போது மனம் சுருங்குகிறது. இந்தக் கற்களைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் மேல் நிறக்கலவையை ஊற்றி, சிமென்டும் மணலும் சேர்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். அதனால் ஆசிட் சிமென்டையும் தின்னும், நிறத்தையும் தின்னும். வெறும் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின், துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒருமுறை இழுத்தால் போதும். பளபளப்பு தானே வரும்.

தேக்குத் தூண்களுக்கு உலர்ந்த துணி மட்டும். பித்தளையைக் கடைசியில் எடுங்கள். புளி போட்டுத் தேய்த்த உடனே துடைத்து வெயிலில் வைக்காவிட்டால், ஈரக்காற்றில் மறுநாளே கறுக்கும். பரணில் இருக்கும் ஓலைக் கொட்டான்களை, அதாவது பின்னிய கூடைகளை, நிழலில் ஆறவிடுங்கள், சாயம் வெளுக்காது. காய்ந்த கொட்டானில் செவ்வந்தியை அள்ளி முகப்பில் வைத்துவிட்டால் வேறு தோரணமே தேவையில்லை.

திருக்கார்த்திகைக்குப் புது அகல்களை முதல்நாளே தண்ணீரில் ஊறவைத்துக் காயவையுங்கள். ஊறாத மண் எண்ணெயைக் குடித்துவிடும். கல்தரையில் அகலை நேராக வைத்தால் எண்ணெய் இறங்கி வட்டக்கறை நிற்கும். வாழை மட்டையைச் சதுரமாக நறுக்கி அடியில் வைப்பது எங்கள் ஆயா (பாட்டி) சொன்ன வழி. சுண்ணாம்புச் சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வையுங்கள், புகை ஏறினால் துடைத்துப் போகாது.

மார்கழியில் வாசலுக்குச் சாணமும் பூசணிப்பூவும் எல்லோருக்கும் தெரிந்ததே. எனக்குப் பிடித்தது உள்ளே போடுகிற நடுவீட்டுக் கோலம்தான். திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாளை ஒட்டி நகரத்தார் வீடுகளில் வரும் பிள்ளையார் நோன்புக்கு அதைப் போடுவோம். பச்சரிசியை ஊறவைத்து, விரலில் தேய்த்தால் நறநறக்காத அளவுக்கு மையாக அரையுங்கள். கெட்டியாக இருந்தால் காய்ந்ததும் உதிரும், நீர்த்தால் கோடு பரவும். கலவை கிண்ண விளிம்பைத் தொட்டு மெதுவாக வழிய வேண்டும். சிறு துணித்துண்டை அதில் நனைத்து உள்ளங்கையில் அடக்கி, மோதிர விரல் வழியே கசியவிட்டு இழுங்கள். போடும்போது கோடு மங்கலாக, இல்லாததுபோலத்தான் தெரியும். பதறி மேலே இன்னொரு கோடு இழுத்துவிடாதீர்கள். கால் மணி நேரத்தில் ஓரத்திலிருந்து வெண்மை ஏறி, முழுக்கோலமும் தரையிலிருந்து எழுந்து வரும்.

நோன்பன்று மாலையில் இழை எடுக்க, அதாவது மாவில் வைத்து ஏற்றிய நூல்திரியை வாங்கி உண்ண, எல்லோரும் கூடுவார்கள், அதற்குள் கோலம் காய்ந்திருக்க வேண்டும். ஆகவே மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள், குழந்தைகள் ஓடாமல் இரண்டு தடுக்குகளைக் குறுக்கே போட்டுவையுங்கள். இருட்டியதும் மின்விளக்கை அணைத்து, குத்துவிளக்கை மட்டும் ஏற்றுங்கள். துடைத்த தூணிலும் கல்லிலும் அந்த ஒரு சுடரே பத்தாகத் தெரியும்.