உதிர்ந்த இலையும் ஒரு பரங்கிக்காயும் போதும்

அமெரிக்கா, கனடா பக்கம் இருக்கறவங்களுக்கு அக்டோபர்ல வாசல் முழுக்க இலைதான், அதை கூட்டி தள்றதுக்கு முன்னாடி 3, 4 வயசு குழந்தைய கூட்டிட்டு போய் ஒரு பை நிறைய பொறுக்கிட்டு வாங்க. வீட்டுக்கு வந்து சிவப்பு, மஞ்சள், பிரவுன்னு தனித்தனியா பிரிக்க சொல்லுங்க, அப்புறம் சின்னதுலேந்து பெருசு வரைக்கும் வரிசையா அடுக்க சொல்லுங்க, கணக்குக்கு இதுவே நல்ல ஆரம்பம்.

எனக்கு ரொம்ப பிடிச்சது கிரேயான் தேய்க்கறதுதான். இலையோட நரம்பு புடைச்ச பக்கம் மேல இருக்கற மாதிரி வச்சு, மேல மெல்லிசு பேப்பர் போட்டு, கிரேயானை சுத்தியிருக்கற தாளை உரிச்சுட்டு படுக்க வச்சு தேய்ங்க, நரம்பு ஒண்ணொண்ணா எழும்பி வரும்போது அந்த குட்டி முகத்தை பாக்கணுமே! காஞ்ச இலை நொறுங்கிடும், அன்னைக்கு விழுந்ததா எடுங்க. ஏன் கலர் மாறுதுன்னு கேட்டா, குளிர் வந்ததும் பச்சை போயிடுது, உள்ள ஒளிஞ்சிருந்த மஞ்சள் வெளிய தெரியுதுன்னு சொல்லுங்க, புரிஞ்சுக்கும்.

பரங்கிக்காய் வாங்கினா முதல்ல ஒரு டப்பு தண்ணில போடுங்க, மிதக்குமா முழுகுமான்னு கேளுங்க, மிதக்கும், உள்ள காலியா இருக்கறதாலதான். அப்புறம் வெட்டி, விதைய கழுவி, பத்து பத்தா எண்ண வைங்க. விதை, ஓக் மரத்து கொட்டை எல்லாம் தொண்டைல சிக்கும், அதனால பக்கத்துலயே உக்காந்திருங்க, தம்பி தங்கச்சி தவழ்ற வயசுன்னா இன்னும் கவனம்.